வாடகை வீடும் வருமானச் சான்றும்: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தின் குடியிருப்பு வரலாறு



தாத்தா இரட்டைமலை சீனிவாசன் அவர்களின் நினைவாகக் கூடியிருக்கிற இந்த அரங்கில் வீட்டு வாடகையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். நினைவுச் சொற்பொழிவுக்கு இது ஏற்ற பொருளா என்ற ஐயம் சிலருக்கு எழலாம். ஏற்ற பொருள்தான் என்பதற்குத் தாத்தாவின் வாழ்க்கையே சாட்சி. 1939இல் வெளிவந்த ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ நூலில், கோயம்புத்தூரில் பள்ளியில் படித்த நாட்களை அவர் நினைவுகூர்கிறார். மற்ற மாணவர்களோடு பழகினால் தம் சாதியும் குடும்பமும் இருப்பிடமும் தெரிந்துவிடும் என்று அஞ்சினார். பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துவிட்டு, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போனார்.

இதில் ‘இருப்பிடம்’ என்பதைக் கவனியுங்கள். ஒருவர் எங்கே குடியிருக்கிறார் என்று தெரிந்தால் அவர் யார் என்று தெரிந்துவிடும். அந்த அச்சம் இன்றும் போகவில்லை. அம்பத்தூரிலோ ஆவடியிலோ ‘டூலெட்’ பலகை பார்த்து வீடு கேட்கப் போகிற நம் பிள்ளைகளிடம் வாடகை தர முடியுமா என்ற கேள்வி முதலில் வருவதில்லை. “சொந்த ஊர் எது? ஊரில் எந்தத் தெரு?” என்பதே முதலில் வருகிறது.

ஏழைகளுக்கு வாடகை வீடு, வாடகை உதவி என்று அரசு பேசும்போதெல்லாம் ‘யாருக்குத் தகுதி?’ என்ற கேள்வி வருகிறது. இன்றைக்கு அந்தத் தகுதி வருமானத்தால் அளக்கப்படுகிறது. ஆண்டுக்கு இவ்வளவுக்குக் கீழே சம்பாதித்தால் உள்ளே, ஒரு ரூபாய் கூடினாலும் வெளியே. இது சாதி பார்க்காத, நேர்மையான அளவுகோல் போலத் தெரிகிறது. அது எங்கிருந்து வந்தது, நம்மவர்களை எப்படி அளந்தது, எதை அளக்காமல் விட்டது என்பதை நம் மேற்குப் புறநகரின் வரலாற்றிலிருந்தே பார்ப்போம்.

சேரி மனை யாருடையது?

அம்பத்தூரும் பூந்தமல்லியும் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. அந்த மாவட்டத்தின் கலெக்டராக இருந்த திரமென்ஹீர், 1891இல் அங்குள்ள பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை தந்தார். நிலமின்மையைப் பற்றிச் சொன்னதோடு, குடியிருப்பைப் பற்றியும் அவர் ஒரு முக்கியமான உண்மையைப் பதிவு செய்தார். சேரியில் குடிசை போட்டிருந்த மனைகூட அதில் குடியிருந்தவர்களுக்குச் சொந்தமில்லை. அதை மிராசுதார்கள் தங்களுடையது என்றார்கள். கூலி உயர்த்திக் கேட்டால், வேறு ஆளிடம் வேலைக்குப் போனால், மிஷன் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பினால் குடிசையைக் காலி செய்யச் சொல்லலாம். குடியிருப்பு என்பது அடங்கி இருப்பதற்குக் கிடைத்த கூலியாக இருந்தது.

அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் அரசாணை வந்தது. நாம் இன்று பஞ்சமி நிலம் என்று சொல்வதன் தொடக்கம் அதுதான். விளைநிலத்தைப் பற்றி ஆணை வந்தாலும், மனைப் பிரச்சினை தீர மேலும் பல ஆண்டுகள் ஆயின. 1920களில் தொழிலாளர் துறை ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மனை வாங்கித் தரத் தொடங்கியது. அதிலும் ஒரு நிபந்தனை இருந்தது. நிலத்தின் விலையை அந்த மக்களே தவணை தவணையாகத் திருப்பிக் கட்ட வேண்டும். ஆகவே அரசு உதவிக்கான முதல் தகுதி, கட்ட முடிவதாக இருந்தது. மிராசுதார் கொடுத்த அரைகுறைக் கூலியிலிருந்து, மிராசுதாரின் பிடியிலிருந்து விடுபடுவதற்கான தவணையை மிச்சப்படுத்த வேண்டியிருந்தது. வறுமையைக் காரணம் காட்டி உதவியை அறிவிப்பதும், அதே வறுமையைக் காரணம் காட்டி உதவியைத் தடுப்பதும் நம் வரலாற்றில் அன்றே தொடங்கிவிட்டன.

தொழிற்சாலைப் பதிவேடு

விடுதலைக்குப் பிறகு இந்த வட்டாரத்தின் முகம் மாறியது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோசலிச மாதிரியிலான சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. அடுத்த பத்தாண்டுகளில் இங்கே ஆலைகள் வரிசையாக வந்தன. அம்பத்தூரில் சைக்கிள் ஆலை ஏற்கெனவே இருந்தது; 1959இல் அங்கே டன்லப் டயர் ஆலையும் வந்தது. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவானது.

ஆலைத் தொழிலாளிக்கு வீடு தரும் திட்டம் அதற்கு முன்பே வந்திருந்தது. 1952இல் மத்திய அரசு, தொழில்துறைத் தொழிலாளர்களுக்கான மானிய வீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. மானியமும் கடனும் பெற்று வீடுகளைக் கட்டி, குறைந்த வாடகைக்கு விடுவது அதன் நோக்கம். நம் நாட்டில் அரசு ஆதரவுடன் தொழிலாளிக்கு வாடகை வீடு என்ற எண்ணம் பெரிய அளவில் நடைமுறைக்கு வந்தது இதன் மூலம்தான். 1954இல் குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கான வீட்டுக் கடன் திட்டம் வந்தது. ஆண்டு வருமானம் 6,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் என்று அதில் எல்லை வகுத்தார்கள். வருமான வரம்பு என்ற கோடு நம் வீட்டு வாசலில் விழுந்தது இப்படித்தான்.

1952 திட்டத்தில் தகுதி யாருக்கு? தொழிற்சாலைச் சட்டத்தின்படி தொழிலாளி என்று பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கு. அந்த ஆலைகளைக் கட்டிய சித்தாளுக்கு இல்லை. ஆலைக்கு வெளியே சாக்கடை அள்ளியவருக்கு இல்லை. செங்கல் சூளையில் வேலை செய்தவருக்கும், லாரியில் சுமை ஏற்றி இறக்கியவருக்கும் இல்லை. இந்த வேலைகளில் யார் இருந்தார்கள் என்பதை இங்கே அமர்ந்திருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சட்டத்தில் சாதி என்ற சொல் இல்லை. ஆனால் நிரந்தர வேலை யாருக்குக் கிடைத்தது, தற்காலிக வேலை யாருக்கு விழுந்தது என்பதைச் சாதிதான் பெரும்பாலும் முடிவு செய்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆவடியின் மத்திய அரசு ஆலைகளில் இடஒதுக்கீட்டின் வழியே வேலை பெற்ற நம் குடும்பங்கள் உண்டு. குவார்ட்டர்ஸில் வீடு கிடைத்தபோது அந்தக் குடும்பங்களுக்கு ஒரு தலைமுறை முன்னேற்றம் கிடைத்தது. அங்கே எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை. சம்பளப் படிநிலைப்படி வரிசையில் வீடு வந்தது. வீட்டு உரிமையாளரின் மனநிலையைச் சார்ந்திராத வாடகை வீடு எவ்வளவு பெரிய விடுதலை என்பதற்கு அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று சாட்சி. அரசு வாடகை வீடு என்ற எண்ணத்தின் மீது நமக்குப் பகை இல்லை. அதன் வாசல் குறுகலாக இருந்தது என்பதே நம் குறை.

வாரியத்தின் வாடகை

1970இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. இராம. அரங்கண்ணல் அதன் முதல் தலைவர். 1971இல் அதற்கான சட்டம் வந்தது. வாரியம் தொடக்கத்தில் கட்டிய அடுக்குமாடி வீடுகள் சிறு வாடகைக்கே விடப்பட்டன. குடிசையில் இருந்தவர் அதே இடத்தில், அல்லது பக்கத்திலேயே மாடி வீட்டுக்குப் போனார். வேலை போகவில்லை, பள்ளி மாறவில்லை. குறைகள் இருந்தாலும், சென்னை நகரத்தின் நடுவில் நம் மக்கள் இன்றும் நிற்பதற்கு அந்த வீடுகள் ஒரு காரணம்.

1977இல் உலக வங்கியின் கடனோடு சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் வந்தது. போட்ட முதலைத் திருப்பி எடுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. கட்டிய வீடு தருவதற்குப் பதிலாக, வசதிகள் செய்த மனையைத் தவணைக்குத் தருவது என்ற வழி வந்தது. வாரிய வீடுகளும் வாடகையிலிருந்து தவணை முறை விற்பனைக்கு மாறத் தொடங்கின. நம் பக்கத்து முகப்பேர் அந்த மனைத் திட்டங்களில் ஒன்று. ஏழைகளுக்கென்று சிறு மனைகள் அங்கே குறிக்கப்பட்டிருந்தன. இன்றைய முகப்பேரில் மனை விலை என்ன, வாடகை என்ன என்று உங்களுக்குத் தெரியும். வருமானத்தைப் பார்த்து ஒருமுறை ஒதுக்கி, பிறகு சந்தையின் கையில் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த நகர் ஒரு பாடம்.

2000க்குப் பிறகு வாசல் இன்னொரு வகையில் மாறியது. வீடு உண்டு, ஆனால் தொலைவில். கண்ணகி நகர், பெரும்பாக்கம் ஆகியவை தெற்கில். கூவம் கரையிலிருந்து எடுக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் திருமழிசைக்கு அருகே கூடப்பாக்கத்துக்கு வந்தார்கள். நகரத்தில் வீட்டு வேலை செய்த பெண்ணுக்கு, வேலைக்குப் போய்வரும் செலவே சம்பளத்தைத் தின்றது. 2021இல் வாரியத்தின் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. பெயரிலிருந்து குடிசை போனது நல்லதுதான். வாழ்விடம் என்ற சொல்லுக்குப் பொருள் வர வேண்டுமானால், வாழ்வும் இடமும் சேர்ந்திருக்க வேண்டும்.

மூன்று லட்சம் என்ற கோடு

இப்போது இன்றைய கணக்குக்கு வருவோம். 2015இல் தொடங்கிய ‘அனைவருக்கும் வீடு’ திட்டத்தில், ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய்க்குள் வருமானம் உள்ள குடும்பம் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு. 3 லட்சத்திலிருந்து 6 லட்சம் வரை குறைந்த வருவாய்ப் பிரிவு. இந்தியாவில் எங்கும் அவர்கள் பெயரில் நல்ல வீடு இருக்கக் கூடாது. குடும்பம் என்றால் கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள். 2024இல் திட்டத்தின் இரண்டாம் கட்டம் வந்தபோதும் அந்த 3 லட்சம் மாறவில்லை. ஒன்பது ஆண்டுகளில் அரிசி விலை ஏறியது, வாடகை ஏறியது, கோடு மட்டும் அங்கேயே நின்றது.

ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். அம்பத்தூரில் கணவர் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர், மனைவி தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலை. ஆளுக்கு மாதம் 13,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து 26,000. ஆண்டுக்கு 3,12,000. கோட்டைத் தாண்டிவிட்டார்கள்! இரண்டு பிள்ளைகள், கணவரின் வயதான தாய் என ஐந்து வாய்கள். தலைக்கு மாதம் 5,200 ரூபாய். இந்த வரையறைப்படி அந்தத் தாய் குடும்பக் கணக்கில் வரமாட்டார், ஆனால் சோறு உண்டுதானே ஆக வேண்டும்? இன்னொரு பக்கம், தனியாக வாழ்ந்து மாதம் 24,000 சம்பாதிப்பவரின் ஆண்டு வருமானம் 2,88,000. அவர் கோட்டுக்குள் இருக்கிறார். மனைவியும் வேலைக்குப் போனால் தகுதி போய்விடும் என்பதுதான் இந்தக் கோடு பெண்களுக்குச் சொல்லும் செய்தி.

ஒப்பந்தத் தொழிலாளியின் வருமானம் எந்தக் காகிதத்திலும் முழுதாக இல்லை. கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து, வட்டாட்சியர் தரும் சான்றில் உள்ள எண்தான் அவருடைய வருமானம். உண்மையைச் சொன்னால் தகுதி போகும். குறைத்துச் சொன்னால், நாளைக்கு யாராவது புகார் செய்வார்களோ என்ற பயம். மிராசுதாரின் தயவில் குடிசை இருந்த காலம் போய், ஒரு கையெழுத்தின் தயவில் வீடு இருக்கும் காலம் வந்திருக்கிறது.

ஒரே குடும்பத்துக்கு எத்தனை கோடுகள் என்று பாருங்கள். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுக்கு 1,20,000. மகளிர் உரிமைத் தொகைக்கு 2,50,000. பட்டியல் சாதி மாணவரின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கும் 2,50,000. வீட்டுக்கு 3,00,000. 2019இல் அரசியல் சட்டத்தைத் திருத்திக் கொண்டுவந்த பத்து விழுக்காடு இடஒதுக்கீட்டிலும் ‘பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு’ என்ற அதே பெயர்தான். அங்கே கோடு 8,00,000. பட்டியல் சாதியினர் அதற்குள் வரவே முடியாது. வீடு கேட்டு வரும் துப்புரவுப் பணியாளர் 3 லட்சத்தைத் தாண்டினால் நலிந்தவர் இல்லை. இடஒதுக்கீடு கேட்டு வரும் முன்னேறிய சாதியினர் 8 லட்சம் வரை நலிந்தவர்தான். வருமான வரம்பு சாதி பார்ப்பதில்லை என்று இனியும் யாராவது சொன்னால், இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

உதவி யார் கைக்குப் போகிறது?

2020இல் பொதுமுடக்கத்தின்போது புலம்பெயர் தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்ததை நாடே பார்த்தது. அந்த ஜூலையில் மத்திய அரசு மலிவு வாடகைக் குடியிருப்பு வளாகத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. பட்டியல் சாதியினருக்கும், பழங்குடியினருக்கும், கணவனை இழந்தவர்களுக்கும், வேலைக்குப் போகும் பெண்களுக்கும் முன்னுரிமை என்று வழிகாட்டுதலில் எழுதினார்கள். ஆனால் வரிச் சலுகையும் கூடுதல் கட்டடப் பரப்பும் கட்டுபவருக்குப் போயின. வாடகை கட்டுபவர் கையில் எதுவும் வரவில்லை. தனியார் கட்டிய வளாகங்களில் பெரும்பகுதி ஆலைத் தொழிலாளர்களை மொத்தமாகத் தங்கவைக்கும் விடுதிகளாக அமைந்தன.

விடுதி என்றால் என்ன என்பதை நம் பூந்தமல்லி பார்த்திருக்கிறது. 2021 டிசம்பரில், செல்பேசி ஆலைப் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த தனியார் விடுதியில் உணவு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். பெண்கள் சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து போராடினார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் வளாகத்தை மாநில அரசு திறந்தது. அந்தப் போராட்டம் இல்லாமல் இந்த மாற்றத்தைப் பார்க்க முடியாது. எனினும் அங்கே கிடைப்பது ஒரு கட்டில். வேலை போனால் கட்டிலும் போகும். குடும்பத்தோடு வாழ அது வீடாகாது. பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் கூரை என்ற 1952இன் விதி திரும்பி வந்திருக்கிறது.

பழுதான வாரிய வீடுகளை இடித்துக் கட்டும்போது, வெளியே வாடகைக்குப் போகும் குடும்பங்களுக்குக் கருணைத் தொகை உண்டு. 8,000 ரூபாயாக இருந்ததை 2021இல் 24,000 ஆக உயர்த்தினார்கள். வரவேற்கிறோம். ஆனால் மாத வாடகை 6,000 என்று வைத்தாலும் அது நான்கு மாதத்துக்குத்தான் வரும். கட்டடம் நான்கு மாதத்தில் எழும்புமா? முன்பணத்துக்கு எங்கே போவது? தங்கள் வீட்டை இடிக்க ஒப்புக்கொண்டவர்களுக்கு வாடகை தருவது கடமை. அதற்குக் கருணை என்று பெயர் வைத்திருப்பதே தவறு.

கேட்கப்படாத கேள்வி

வருமானமும் சரியாக இருந்து, வாடகைப் பணமும் கையில் இருந்தால் வீடு கிடைத்துவிடுமா? தில்லி வட்டாரத்தில் சுகதேவ் தோரட்டும் மற்ற ஆய்வாளர்களும் செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே தகுதியோடு வீடு கேட்டவர்களில் தலித்துகளும் முஸ்லிம்களும் அதிகமாக மறுக்கப்பட்டதைக் காட்டியது. சென்னையில் அந்த மறுப்புக்குச் ‘சைவம் மட்டும்’ என்று பெயர்.

அமெரிக்காவில் 1974இல் வந்த வாடகை உதவித் திட்டத்தில், வருமான வரம்பு நாடு முழுக்க ஒரே எண்ணாக இல்லை. ஒவ்வொரு வட்டாரத்தின் நடு வருமானத்தையும் குடும்பத்தின் அளவையும் வைத்து அது கணக்கிடப்படுகிறது. குடும்பம் தன் வருமானத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு கட்டும், மீதி வாடகையை அரசு தரும். தகுதியுள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக் குடும்பங்களுக்கே அது கிடைக்கிறது என்பது அதன் பெரிய குறை. ஆனால் அதற்கு முன்பே, மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரலில், நிறத்தைக் காரணம் காட்டி வீடு மறுப்பதைத் தடுக்கும் சட்டம் வந்துவிட்டது. 2023இல் சியாட்டில் நகரம், வீட்டு வாடகையிலும் சாதிப் பாகுபாடு கூடாது என்று பெயர் சொல்லியே தடை போட்டது.

நம்மிடம் சட்டமே இல்லை என்று நினைக்க வேண்டாம். 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, தீண்டாமையைக் காரணம் காட்டி எந்தப் பகுதியிலும் வீட்டில் குடியிருப்பதைத் தடுப்பது குற்றம் என்கிறது. ஆனால் 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் ஒப்பந்தப் பதிவையும் முன்பணத்தையும் பேசுகிறது, சாதியால் வீடு மறுப்பதைப் பேசவில்லை. அரசின் வாடகைத் திட்டங்களும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. ‘எவ்வளவு சம்பாதிக்கிறாய்?’ என்று கேட்கும் விண்ணப்பத்தில் ‘எத்தனை பேர் உனக்கு வீடு தர மறுத்தார்கள்?’ என்ற கட்டம் இல்லை.

நாம் செய்ய வேண்டியவை

மிராசுதாரின் சம்மதம், ஆலையின் பதிவேடு, வட்டாட்சியரின் சான்று என்று வாசல்கள் மாறி வந்திருக்கின்றன. ஒவ்வொரு வாசலிலும் பெயர் சொல்லாமல் சாதி நின்றிருக்கிறது. ஆகவே நம் கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம். வருமான வரம்பு, வட்டாரத்தின் உண்மையான வாடகையையும் வீட்டில் உள்ள தலைகளையும் வைத்துக் கணக்கிடப்பட வேண்டும், ஆண்டுதோறும் திருத்தப்பட வேண்டும். கூலித் தொழிலாளியின் சொந்த உறுதிமொழியை ஏற்க வேண்டும். வாடகை உதவி, வாடகை கட்டும் குடும்பத்தின் கைக்கு, குறிப்பாகப் பெண்ணின் கணக்குக்கு வர வேண்டும். வாரிய வீடு இடிக்கப்படும் குடும்பத்துக்குப் புதிய வீடு கிடைக்கும் நாள்வரை வாடகை வேண்டும். சாதியால் வீடு மறுப்பதை வாடகைச் சட்டத்திலேயே குற்றமாக எழுத வேண்டும்.

மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். விடுமுறை நாட்களில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லித் தெருக்களில் இறங்குங்கள். நம் மக்கள் என்ன வாடகை தருகிறார்கள், வருமானத்தில் அது எத்தனை பங்கு, வீடு கிடைக்கும் முன் எத்தனை கதவுகளைத் தட்டினார்கள், என்ன கேட்கப்பட்டார்கள் என்று எழுதி வாருங்கள். 1891இல் ஒரு வெள்ளைக்கார அதிகாரி எழுதிய அறிக்கையை நாம் இன்னும் மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறோம். அடுத்த அறிக்கையை நாமே எழுத வேண்டும். பள்ளி மணி அடிக்கும்வரை வெளியே காத்திருந்த அந்த மாணவர், பின்னாளில் லண்டன் வட்டமேசையில் நம் மக்களுக்காக உட்கார்ந்தார். தன் இருப்பிடத்தைச் சொல்ல எந்தப் பிள்ளையும் அஞ்சாத நாள் வரும்வரை அவருடைய வேலை முடியவில்லை.

ஜெய் பீம்.